அம்மன் தட்டு

நல்லமுத்துவுக்குத் தாத்தாமேல் பைத்தியம் பிடித்தது எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதம். அந்த மாதம் ஏற்காட்டுக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் வந்தார்கள். கிழவனுடைய பாட்டன் பட்டாளத்தில் இருந்தவனாம், இங்கே வந்து காய்ச்சலில் செத்தவனாம். கல்லறைத் தோட்டத்தில் மூன்று நாள் முள்ளை விலக்கி விலக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு உடைந்த கல்லைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தது நல்லமுத்துவின் ஜீப். பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் பற்றி லண்டனில் காகிதம் வைத்திருக்கிறார்கள், எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள் என்று கிழவன் சொன்னதை டிரைவர் வந்து முதலாளியிடம் சொன்னான். அவ்வளவுதான். காய்ச்சலில் செத்தவனுக்கே இத்தனை மரியாதை என்றால், சண்டைக்குப் போய்த் திரும்பி வந்து மெடலும் வாங்கிய தன் தாத்தா அம்மாசிக் கவுண்டருக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

மாரமங்கலத்தில் அவனுக்கு அறுபது ஏக்கர் காப்பியும் மிளகும் இருந்தன. ஊர்ப் பெரியதனம் நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில்தான். பி.ஏ. படித்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவனுக்கும் லீவ் லெட்டருக்கு மேல் இங்கிலீஷ் எழுத வராது. அதனால்தான் ஜீப் வாழவந்தி ரோட்டில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாக்கண்ணுவின் வீட்டு வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

ஐயாக்கண்ணுவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, முப்பத்தெட்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். மலையில் அவர் மதிக்கிற ஆள் என்று ஒருவரும் கிடையாது. எஸ்டேட் மேனேஜர்களைத் தொப்பி வைத்த மரம் என்பார். சம்மருக்கு வந்து ஏரியில் படகு விட்டுவிட்டு, குளிருகிறது குளிருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் மதிக்காதவர்களின் பட்டியலில் நல்லமுத்துவுக்கு நல்ல உயரமான இடம் இருந்தது. ஆனால் முதலிடம் வேறொருவருக்கு. அது அவரைப் பெற்ற அப்பன்.

அவர் அப்பன் பெயர் குப்பன். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற ஆள். பதினாறாம் வருஷம், ஐயாக்கண்ணு வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, எஸ்டேட் கம்பளியையும் வெட்டுக்கத்தியையும் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஓடிப்போனான் என்பது ஊர் சொன்ன கதை. எவளோ ஒருத்தியோடு என்பது ஊர் பிறகு சேர்த்துக்கொண்டது. அம்மா ராசம்மாள் சாகிறவரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. செத்தான் என்று சேதி வராதவனுக்கு எப்படிக் கழற்றுவது? எங்கேயோ எவளோடோ குடித்தனம் நடத்துகிறவனுக்காகத் தினமும் பொட்டு வைத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போனாள். லைன் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சின்ன வயதில் ஐயாக்கண்ணுவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓடுகாலி மகன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பன் பெயர் கேட்டார்கள். சின்னப் பையன் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் பெயரிலிருந்து முதல் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொண்டான். ரா. ஐயாக்கண்ணு. ராமசாமியா, ராஜுவா என்று யாராவது கேட்டால் முறைப்பார். அறுபது வருஷமாக அந்த இனிஷியல்தான் சர்வீஸ் புத்தகத்தில், பென்ஷன் காகிதத்தில், எல்லாவற்றிலும். அப்பனுக்கு ஒரு அமாவாசைக்குக்கூட எள்ளும் தண்ணீரும் இறைத்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நல்லமுத்து ஜீப்பில் உட்கார்ந்தபடியே தாத்தா புராணம் படித்தான். தாத்தா முதல் உலக யுத்தத்துக்காகப் பதினாறாம் வருஷம் பஸ்ராவுக்குப் போனார், மூன்று வருஷம் துருக்கிக்காரனை விரட்டினார், பத்தொன்பதில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வெள்ளைக்கார ராஜாவே சந்தோஷப்பட்டு ஒரு வெள்ளி மெடலும் ஒரு அம்மன் தட்டும் அனுப்பிவைத்தார். தட்டு வெண்கலம், சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். அதில் சிங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மன் நிற்கிறாள். வெள்ளைக்காரனுக்கே நம் அம்மன் கனவில் வந்திருக்கிறாள் பாருங்கள் என்று நல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். இதையெல்லாம் காகிதத்தோடு நிரூபித்து, பஸ் ஸ்டாப்பில் தாத்தாவுக்கு ஒரு கல்தூண் நிறுத்தப்போகிறானாம்.

தட்டைப் பார்க்கலாமா என்று ஐயாக்கண்ணு கேட்டார்.

நல்லமுத்து கொஞ்சம் நெளிந்தான். “அது பூஜை ரூமுல இருக்குதுங்க வாத்தியாரே. நமக்குள்ள என்னங்க வித்தியாசம், நான் அதெல்லாம் பாக்கிறவன் இல்லீங்க. ஊட்டுப் பொம்பளைங்கதான் ஒத்துக்க மாட்டாங்க.”

இப்படிச் சொல்லிவிட்டுப் பெரிய மனசோடு சட்டைப் பையிலிருந்து மெடலை எடுத்து நீட்டினான். அதன் விளிம்பில் ஒரு நம்பரும் அம்மாசி என்ற பெயரும் இங்கிலீஷில் பொறித்திருந்தன. ஐயாக்கண்ணு குறித்துக்கொண்டார்.

லண்டனுக்குக் கடிதம் எழுத அவர் எதற்கு ஒத்துக்கொண்டார் என்றால், நல்லமுத்துவின் முகத்துக்காக அல்ல. அம்மாசிக் கவுண்டரை அவரே பார்த்திருக்கிறார். அந்த மனுஷன் மஞ்சள் காமாலை வந்து ஐம்பத்தொன்றில் செத்தார். அட்டைப்பூச்சி கடித்தால் ஊரைக் கூட்டுகிற ஆள். லைன் பக்கம் வந்தால் ராசம்மாளையும் அவள் பையனையும் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். இவர் துருக்கிக்காரனை விரட்டினார் என்றால் துருக்கிக்காரன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கவேண்டும். கோவேறு கழுதைக்குப் புல் போட்டான், சாணி அள்ளினான் என்று லண்டனிலிருந்து காகிதம் வரும். அதை நல்லமுத்துவுக்கு நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். இந்த ஒரு ஆசைதான் அவருக்கு.

கடிதம் போய் எட்டு மாதம் பதில் இல்லை. அதற்குள் நல்லமுத்து சேலத்தில் கல்லுக்குச் சொல்லி, எழுத்தும் வெட்டி, பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து நட்டுத் துணி சுற்றிவிட்டான். ‘பஸ்ரா வீரர் அம்மாசிக் கவுண்டர்.’ காகிதம் வருவதற்கு முன்னாலேயே கல் வந்துவிட்டது.

எண்பத்தாறு பிப்ரவரி கடைசியில் தபாலாபீஸ் லூர்துசெல்வி ஒரு பெரிய பழுப்புக் கவரை ஐயாக்கண்ணுவிடம் கொடுத்தாள். அவருக்கு வீடுவரை பொறுக்கவில்லை. தபாலாபீஸ் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்தார். இரண்டு பக்க நகல். முதல் பக்கம் ஆளைச் சேர்த்தபோது எழுதியது. பெயர் அம்மாசி, தகப்பன் பெயர் சித்தன், ஊர் மாரமங்கலம், வயது இருபத்திரண்டு, சுமை தூக்கும் படை, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. சுமை தூக்கும் படை என்ற இடத்திலேயே அவருக்கு வயிறு குளிர்ந்தது. பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் நாலே வரி. மேற்படி அம்மாசி பஸ்ரா ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கி 1917 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி இறந்தான். இறந்தவர் குடும்பத்துக்கு அனுப்பும் வெண்கலத் தட்டும் மெடலும் தகப்பன் சித்தனுக்கு 1921-இல் அனுப்பப்பட்டன.

ஐயாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். லூர்துசெல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பதினேழில் செத்தவர் இருபதில் ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் நல்லமுத்துவின் அப்பன். அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் மஞ்சள் காமாலையில் செத்திருக்கிறார். வாழ்நாளில் இவ்வளவு நல்ல காகிதத்தை அவர் படித்ததில்லை. இன்னொரு தடவை ருசித்துப் படிக்கலாம் என்று முதல் பக்கத்துக்கு வந்தார். முதல் தடவை வேகத்தில் விட்டுவிட்ட ஒரு வரி அதில் இருந்தது.

அங்க அடையாளம்: வலது மூக்கில் பழைய துளை. இடது முழங்காலுக்குக் கீழே கத்தி வெட்டுத் தழும்பு.

சிரிப்பு நின்றது. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. குப்பனுக்கு முன்னால் பிறந்த நாலும் தங்கவில்லை. ஐந்தாவதாக இவன் விழுந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று பெயர் பண்ணி, அடுத்த லைன்காரியிடம் ஒரு முறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கி, வலது மூக்கைக் குத்தி வளையம் போட்டார்கள். அப்படிச் செய்தால் எமன் கண்டுகொள்ள மாட்டான். குப்பன் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். கவாத்துக் கத்தி காலில் பட்டு ஒரு மாதம் படுத்திருந்ததையும் அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஐயாக்கண்ணு பெஞ்சிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊருக்கு ஒரு ஆள் கொடு என்று சர்க்கார் கேட்டிருக்கும். ஊர்ப் பெரியதனக்காரன் சித்தன் தன் மகன் பெயரைக் கொடுத்துவிட்டு எஸ்டேட் கூலியைப் பிடித்து அனுப்பியிருக்கிறான். மகனை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறான். கூலி ஓடிப்போய்விட்டான் என்று ஊரில் கட்டிவிட்டிருக்கிறான். செத்ததற்கு வந்த தட்டையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறான். ராசம்மாளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பெரிய வீட்டிலிருந்து ஒரு படி சாமை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தர்மம் என்று நினைத்துக் கும்பிட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை அவர் மாரமங்கலம் பஸ் ஏறினார். நல்லமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இவருக்கு இன்னொரு நாற்காலி வரவில்லை. நின்றபடியே இரண்டாம் பக்கத்தில் உள்ளதை மட்டும் சொன்னார். நல்லமுத்து அலட்டிக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் எழுதினால் தப்பு வராதா என்றான். தட்டைக் கொண்டுவரச் சொன்னார் ஐயாக்கண்ணு. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். நல்லமுத்து உள்ளே போய்த் தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தான். அறுபத்தைந்து வருஷத்துச் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து தட்டு ஆப்பம் போல் தடித்திருந்தது. அம்மன் முகமும் சிங்கத்தின் முதுகும் மட்டும் தெரிந்தன. ஐயாக்கண்ணு நகத்தால் விளிம்பைச் சுரண்டினார். சந்தனம் பொரிந்து விழுந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. ‘இவன் இறந்தான்’ என்று ஆரம்பித்தது. மீதியைச் சுரண்டவில்லை.

இந்த வீட்டுக்குள் போகிறவர்களுக்கு எழுத்து தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கு அதைக் கழுவிப் பார்க்கத் தோன்றவில்லை, கழுவிப் படிக்கக்கூடிய ஒருவரை இவர்கள் உள்ளே விடவில்லை. அதனால் ஒரு சாவுச் சேதி அறுபத்தைந்து வருஷம் அம்மனாக இருந்திருக்கிறது. படித்ததை நல்லமுத்துவிடம் சொன்னார்.

அவன் தாம்பாளத்தை நாற்காலியில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஏனுங்க வாத்தியாரே, கல்லு நட்டாச்சு, ஞாயித்துக்கெழமை மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு. மொதப் பக்கத்துல பேரு, ஊரு எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது? அதை மட்டும் படிங்க. ரெண்டாவதைக் கிழிச்சுப் போட்ருங்க.”

முதல் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற புத்தி இருந்தால் அவன் நல்லமுத்து இல்லை.

“சரிங்க” என்றார் ஐயாக்கண்ணு. “மொதப் பக்கம் மட்டும் படிக்கிறனுங்க. முழுசாப் படிக்கிறனுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் பந்தல். அம்மாசிக் கவுண்டரின் ஆளுயரப் போட்டோவுக்கு ரோஜா மாலை. மூக்கும் முழியுமாக, கொழுகொழுவென்று, சண்டையையே பார்க்காத முகம். அதன் முன்னால் தாம்பாளத்தில் அம்மன் தட்டு. சுரண்டின இடத்தில் புதுச் சந்தனம் வைத்து அடைத்திருந்தான் நல்லமுத்து. முன்வரிசையில், வீரரின் உடன்பிறந்த தங்கை என்று பொன்னாடை போர்த்தி, எண்பத்துநாலு வயசுக் கண்ணாயியை உட்காரவைத்திருந்தார்கள். கிழவிக்கு உடம்பு தளர்ந்திருந்தாலும் காதும் வாயும் நன்றாக இருந்தன. நல்லமுத்து இருபது நிமிஷம் பேசினான். துருக்கிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள்.

ஐயாக்கண்ணு மைக் முன்னால் வந்தார். ஒவ்வொரு வரியையும் முதலில் இங்கிலீஷில் படித்து, பிறகு வகுப்பில் சொல்வதுபோல் தமிழில் சொன்னார். பெயர் அம்மாசி. கைதட்டல். தகப்பன் சித்தன். கைதட்டல். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். போட்டோவில் இருந்தவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கைதட்டல் கொஞ்சம் யோசித்துக்கொண்டு வந்தது. அங்க அடையாளம் என்று படித்துவிட்டு ஐயாக்கண்ணு ஒரு மூச்சு விட்டார்.

“வலது மூக்கில் துளை. மூக்குத்தி போட்டிருந்த அடையாளம்.”

எல்லாரும் போட்டோவைப் பார்த்தார்கள். முழுசான, கொழுத்த, துளையில்லாத மூக்கு. நல்லமுத்துவும் பார்த்தான்.

கண்ணாயி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். “எங்கண்ணனுக்கு ஏதுங்க மூக்குத்தி? மூக்குக் குத்துனது லைன்ல இருந்த குப்பனுக்குங்க. எங்கப்பன் அவனையில்ல அனுப்புச்சாரு. சேலத்துல ரயில் ரோட்டு வேலை, மூணு மாசத்துல வந்தர்லாம்னு சொல்லித்தானுங்க அனுப்புச்சாரு. எங்கண்ணன் கொல்லிமலையில மாமன் ஊட்டுல இருந்துட்டு நொம்ப நாள் கழிச்சு வந்துதுங்க.”

நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டான்.

“ஒருத்தரும் கேக்கலியே சாமி” என்றாள் கிழவி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பந்தலே சிரித்தது. நல்லமுத்து மைக் ஒயரைப் பிடுங்கினான். அதனால் சிரிப்பு இன்னும் நன்றாகக் கேட்டது. ஐயாக்கண்ணு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். இரண்டாம் பக்கத்தை அவர் வெளியே எடுக்கவே இல்லை. கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்குச் சாமை கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்றும், ராசம்மாள் கும்பிடும்போதெல்லாம் வாய்வரைக்கும் வந்தது என்றும், அப்பனுக்குப் பயந்து சொல்லவில்லை என்றும் சொன்னாள். அவள் அழுதாள். அவருக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜீப் டிரைவர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தான். லைன்காரன் இழவுக்கு வந்த சாமான் பூஜை ரூமில் இருந்ததா என்று வீட்டுப் பெண்கள் ஆடித் தீர்த்துவிட்டார்களாம். விடியற்காலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஐயாக்கண்ணுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உள்ளே விடமாட்டோம் என்றவர்கள் அறுபத்தைந்து வருஷமாகக் காலையும் மாலையும் குப்பனுக்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். விழுந்து விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் குப்பன் காலடியில் வைத்திருக்கிறார்கள். இப்போது கழுவுகிறார்களாம். எத்தனை குடம் ஊற்றினால் போகும்?

சிரித்துக்கொண்டேதான் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தார். சந்தனம் கரைந்து எழுத்து முழுவதும் வந்தது. சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இவன் இறந்தான். எவன் சுதந்திரம்? எவன் மானம்? மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று கிளம்பினவன், பெயரைக்கூட இங்கேயே விட்டுவிட்டுப் போய், பாலைவனத்தில் மூட்டை தூக்கி வெயிலில் செத்திருக்கிறான். அம்மன் என்று இவர்கள் கும்பிட்டது வெள்ளைக்காரன் தன் தேசத்தைப் பெண்ணாக வார்த்த உருவம்; அதன் பக்கத்தில் சின்னச் சட்டத்துக்குள் அம்மாசி என்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்தபோது அவருக்குச் சிரிப்புப் போய்விட்டது. ஊர் ஏமாந்தது, அம்மா ஏமாந்தாள், சரி. ஆனால் அம்மா ஒரு நாளும் அவனைத் திட்டியதில்லை. திட்டியது இவர்தான். நல்லமுத்துவை விட, மேனேஜர்களை விட, மலையில் உள்ள எல்லாரையும் விடக் கேவலமானவன் என்று அறுபது வருஷம் அப்பனை நினைத்துக்கொண்டிருந்தவர் இவர்தான். வெட்கமாக இருந்தது. அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வெட்கம் பழக்கமில்லை.

நல்லமுத்துவின் கல் அங்கேயே நின்றது. பிடுங்கினால் இன்னும் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டான். சுற்றின துணியையும் அவிழ்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் சாய்ந்துகொள்கிறார்கள்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஐயாக்கண்ணு ஓடைக்குப் போய், தலையை மழித்துக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். செத்தவர் பெயர் என்ன என்று பூசாரி கேட்டபோது சத்தமாகச் சொன்னார். அங்கிருந்து நேராகத் தபாலாபீசுக்கு வந்தார். லண்டனுக்கு ஒரு கடிதம். உங்கள் காகிதத்தில் இருக்கும் ஆளின் உண்மையான பெயர் இது, தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள், நான் அவருடைய மகன் என்று எழுதியிருந்தார்.

ரெஜிஸ்டர் செய்ய வாங்கின லூர்துசெல்வி கவரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பென்ஷன் மணியார்டர் கொடுத்துக் கொடுத்து அவர் பெயர் அவளுக்கு மனப்பாடம்.

“சார், அனுப்புநர் பேருல இனிஷியல் மாத்தி எழுதிட்டீங்களே. கு-ன்னு போட்டிருக்கீங்க.”

மழித்த தலையைத் தடவிக்கொண்டு ஐயாக்கண்ணு சொன்னார். “இல்லம்மா. இத்தனை நாளாத்தான் மாத்தி எழுதிட்டிருந்தேன்.”